புதன்கிழமை ஏழரை மணிச் சிரிப்பு

மலேசியாவில் எங்கள் சுங்கை மெராக் ரயில்வே கிளப்புக்கு அந்தச் சிரிப்பு வந்து சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு அக்டோபர் மாதம், ஒரு புதன்கிழமை மாலை ஏழு மணி முப்பத்திரண்டாவது நிமிடத்தில். ஏழரை மணி வாக்கில் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். எங்களூர் ரயில்காரர்கள் ஊர். பெண் பார்க்க வருகிறவன் ஆறு நிமிடம் பிந்தினால் இவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசிக்கிற ஊர், மாரியம்மன் ரதம் புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு அம்மன் அதன்படி நடக்கிறாளா என்று கடிகாரத்தைப் பார்க்கிற ஊர். ஆகவே ஓர் அதிசயம் நடந்தாலும் முதலில் நேரத்தைக் குறித்துவிட்டு அப்புறம்தான் வாயைப் பிளப்போம்.

அன்று கிளப் மண்டபத்தில், கதவு வைத்த மரப்பெட்டிக்குள் இருந்த டெலிவிஷனில், ரப்பர் மறுநடவைப் பற்றி ஒருவர் கையில் கன்றை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் தமிழில் எதைக் காட்டினாலும் போய் உட்கார்ந்து பார்ப்பது எங்கள் வழக்கம் என்பதால் முப்பது பேர் அந்தக் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். "கன்றுக்கும் கன்றுக்கும் இடையே பன்னிரண்டு அடி விட வேண்டும்" என்று அவர் சொன்னதும் மண்டபமே அதிரும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. நாங்கள் முப்பது பேரும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம். சிரிப்பு காலி நாற்காலிகளில் இருந்து வந்தது, நிரம்பிய நாற்காலிகளில் எங்கள் மடியில் இருந்தே வந்தது, அடங்கியது, அவர் உரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மறுபடி வந்தது, பட்டை நோயைப் பற்றிச் சொன்னபோது ஒரு நிமிடம் விடாமல் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் பொன்னுத்துரை சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். இருபத்தாறு நிமிடத்தில் நாற்பத்தொரு தடவை என்று கணக்கு வந்தது.

முதலில் கண்டுபிடித்தது கேண்டீன் நடத்தும் பவுனம்மா. ஒன்பதாவது சிரிப்பில் எழுந்து நின்று, மூன்றாவது வரிசையைக் கை நீட்டிக் காட்டினாள்.

"அது என் சிரிப்பு லா! பிப்ரவரியில நான் அந்த நாற்காலியிலதான உட்கார்ந்திருந்தேன்!"

அவள் சொன்ன பிறகு எல்லாருக்கும் விளங்கிவிட்டது. நடந்தது இதுதான். அந்த வருடம் பிப்ரவரியில் தலைநகரத்தின் ஒளிபரப்பு நிலையத்திலிருந்து ஜெயசீலன் என்ற மெலிந்த இளைஞர் ஒரு படச்சுருளும் அதை ஓட்டும் இயந்திரமும் ஒலிப்பதிவு இயந்திரமும் கொண்டு எங்களூருக்கு வந்திருந்தார். நிலையத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவர்களும் எங்களூர்ப் பெயரை எங்கேயும் சொன்னதில்லை. ஜெயசீலன் தமிழில் ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதியிருந்தார். 'ரெண்டு நாள் மாமா' என்று பெயர். இரண்டே நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த மாமா போகவே மாட்டேன் என்கிற கதை. டெலிவிஷன்காரர்கள் ஒரு தொடரை ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு பகுதியை எடுத்து மேலிடத்துக்குக் காட்டுவார்களாம், அதைப் பைலட் என்பார்களாம். எங்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை; பெரிய மனிதர்கள் போகும் ரயிலுக்கு முன்னால் பாதை பார்க்க ஒற்றை இன்ஜினை ஓட்டுகிறோமே, அதற்கும் அதே பெயர்தான். அந்தப் பைலட்டில் ஒலிக்க நல்ல சிரிப்பு வேண்டும், தலைநகரத்து ஆபீஸ்காரர்களை உட்கார வைத்தால் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள், உங்களூரில் மனசு விட்டுச் சிரிப்பார்கள் என்று கேள்விப்பட்டேன் என்றார் ஜெயசீலன். வெள்ளைத் துணி கட்டிப் படத்தை ஓட்டினார். அறுபத்து மூன்று பேர் உட்கார்ந்து சிரித்தோம். இயந்திரம் சுழன்றது. சிரிப்பை டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டு மறுநாள் ரயிலேறிப் போய்விட்டார்.

தலைநகரத்தில் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று அதைப் பார்த்தது. நாடு முன்னேறிக்கொண்டிருக்கும் வேளையில் வேலைவெட்டி இல்லாமல் தின்றுகொண்டிருக்கும் ஒரு மாமாவைக் காட்டுவது நல்லதல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. மாமாவுக்கென்று ஒதுக்கியிருந்த புதன்கிழமை ஏழரை மணி மறுநடவுக்குக் கொடுக்கப்பட்டது. சுருள் ஏதோ ஒரு சேமிப்பறையில், அதற்கு முன்னும் பின்னும் எடுத்து வேண்டாமென்று ஒதுக்கிய எத்தனையோ சுருள்களோடு போய்ப் படுத்துக்கொண்டது. எங்கள் சிரிப்புக்குத்தான் அங்கே இருப்புக்கொள்ளவில்லை. தனக்கென்று சொல்லியிருந்த மணி வாராவாரம் வருகிறது, யாரோ கன்றைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், எத்தனை நாள்தான் பொறுக்கும். எட்டு மாதம் பொறுத்துவிட்டுத் தன் மணியில் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

அதை ஒருவரும் பேய் என்று சொல்லவில்லை. பொன்னுத்துரை யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடம் ஸ்டேஷனில் இருந்தவர், மறுநாளே ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையில், மெயில் வண்டிக்குக் கீழே, பினாங்கு சரக்கு வண்டிக்கு மேலே, ஒரு வரி எழுதிச் சேர்த்தார்: சிரிப்பு, புதன் மட்டும், வருகை ஏழு முப்பத்திரண்டு, புறப்பாடு ஏழு ஐம்பத்தெட்டு.

"உது எங்கட சிரிப்புத்தான். ஆனா எங்கட எண்டதுக்காக நேரக்கணக்கு இல்லாமல் விடேலாது" என்றார்.

அதற்குப் பிறகு ஊர் அதைத் தன் வாழ்க்கைக்குள் இடம் பார்த்து வைத்துக்கொண்ட விதத்தைச் சொல்லி மாளாது. அவரவர் பிப்ரவரியில் உட்கார்ந்த நாற்காலியில் அவரவர் போய் உட்கார்ந்தார்கள், தன் சிரிப்புக்கு மேல் இன்னொருத்தன் உட்காருவதை யாரும் விரும்பவில்லை. புதன்கிழமை மாலையில் துக்க வீட்டுச் சடங்குகளை வைப்பதில்லை என்று முடிவானது, நிச்சயதார்த்தங்களை அந்த நேரத்திலேயே வைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பேசி முடித்ததும் அறுபத்து மூன்று பேர் சிரிக்கும்படி நிமிடம் பார்த்துப் பேசினார்கள். தொழிற்சங்கக் கூட்டத்தில் நிர்வாகத்தின் பதில் கடிதத்தைச் செயலாளர் சரியாக ஏழு நாற்பத்தாறுக்கு வாசித்தார், ஏனென்றால் பெரிய சிரிப்பு அப்போதுதான் வரும். ஐஸ் கொண்டு வந்து போடும் ஆ செங், தமிழ் அரைகுறையாகத் தெரிந்தாலும் பிப்ரவரியில் கதவோரம் நின்று படத்தைப் பார்த்துச் சிரித்திருந்தவர், வாராவாரம் கதவோரத்துக்கு வந்து தன் சிரிப்பைக் கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார். நான்கு வருடமாகப் பேசாத அண்ணன் தம்பி இருவர், இருபத்தெட்டாவது சிரிப்பில் தங்கள் இரண்டு பேர் குரலும் ஒன்றாகக் கிளம்புவதைக் கேட்டு, அப்போதும் பேசவில்லை, ஆனால் ஒரே வாசல் வழியாக வெளியே போக ஆரம்பித்தார்கள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எதற்குச் சிரித்தோம் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. மாமா வழுக்கி விழுந்தார் என்றான் ஒருவன், இல்லை அது பானை விழுந்தது என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு மட்டும் பத்திரமாக இருந்தது.

முதல் வாரமே, பதினேழாவது சிரிப்பு வந்தபோது, மண்டபத்துக்கு மூச்சு நின்றது. எல்லார் சிரிப்பும் ஓய்ந்து, சரியாக நான்கு விநாடி கழித்து, ஐந்தாவது வரிசையின் ஓரத்தில் இருந்து ஒரு பெண் தனியாகச் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாகக் கிளம்பி, பிறகு வாய் விட்டு நீண்டது அந்தச் சிரிப்பு. அது சிக்னல்காரர் நாகப்பனின் மனைவி தெய்வானை. ஜூலை மாதம் மூன்று நாள் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள்.

நாற்பத்தொரு சிரிப்பில் ஏழில் அவள் இருந்தாள், ஏழிலும் நான்கு விநாடி பிந்தித்தான் வந்தாள். எங்களூர்க்காரர்களுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தெய்வானை வெள்ளந்தி, நகைச்சுவை புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும் என்று அன்போடுதான் சொல்லிக்கொண்டோம். பொன்னுத்துரையும் தன் பதிவேட்டில் ஒவ்வொரு வாரமும் 'தெய்வானை, நான்கு விநாடி தாமதம்' என்று எழுதினார். ரயிலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சொன்ன நேரத்துக்கு வராதது எதுவானாலும் தாமதம்தான்.

நாகப்பன் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. பிப்ரவரியில் அன்று அவருக்கு சிக்னல் கேபினில் வேலை. அதிகாலையில் வீடு திரும்பியபோது தெய்வானை விழித்துக்கொண்டு காத்திருந்தாள். சொல்ல ஆரம்பித்தாள், சிரிப்பு வந்து சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி சிரித்தாள். நாகப்பனுக்குக் கண் செருகியது. நாளைக்குச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இதுதான் அவரை உள்ளுக்குள் அரித்தது. அவள் போனதைக்கூட விதி என்று விட்டுவிடுவார் போலிருந்தது; அந்த 'நாளைக்குச் சொல்லு' என்பதை அவரால் எந்தப் பக்கமும் விட முடியவில்லை. யாரைப் பார்த்தாலும் அன்று படத்தில் என்னதான் வந்தது என்று கேட்டார், நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம், அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அதற்கெல்லாம் அவள் சிரிக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் புதன்கிழமை தோறும் வந்தார். ஐந்தாவது வரிசையில், அவள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தார். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, பதினேழாவது சிரிப்பு ஓய்ந்ததும், அந்த நான்கு விநாடிக்குள், பக்கத்து நாற்காலியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். நம்ம வீட்டுக் கோழி டேஷன் தராசுல ஏறி உட்கார்ந்துக்கிச்சு என்பது போல ஒன்று. உடனே அவள் சிரித்தாள். அவர் சொன்னதற்குச் சிரித்தது போலவே இருந்தது. மண்டபத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

அன்றிலிருந்து வாரம் முழுக்க நாகப்பன் ஏழு வாக்கியங்களைத் தேடிக்கொண்டிருந்தார். நான்கு விநாடிக்குள் சொல்லி முடிக்கிற அளவு இருக்க வேண்டும், அவள் சிரிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஊரும் தேடிக் கொடுத்தது. ஆ செங் ஐஸ் போடும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போவார், பவுனம்மா ஒரு வாரம் மூன்று கொடுத்தாள், பொன்னுத்துரை இங்கிலீஷ் அதிகாரி ஒருவர் கழிவறையில் மாட்டிக்கொண்ட பழைய கதையைச் சுருக்கிச் சுருக்கி நான்கு விநாடிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி இருந்த காலத்தில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் இப்போது புதனுக்குப் புதன் ஏழு வேடிக்கை சொல்கிறார் என்று நாங்கள் ஆச்சரியப்பட்டோம். சொன்னவர் மட்டும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை, ஜெயசீலன் மறுபடி வந்து இறங்கினார். முன்னைவிட மெலிந்திருந்தார். கையில் அதே சுருள் டப்பா, கூடவே படம் ஓட்டும் இயந்திரம். நிலையத்துக்குப் புதிய நிகழ்ச்சித் தலைவர் வந்திருக்கிறாராம். மறுநடவைப் பார்த்து ஜனங்கள் பெட்டியை அணைத்துவிடுகிறார்கள் என்று யாரோ கணக்கெடுத்துச் சொல்ல, பழைய பைலட்டுகளை எல்லாம் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்கிறார். 'ரெண்டு நாள் மாமா'வைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் சுருளில் சிரிப்பு இல்லை. வசனம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, சிரிப்பு இருந்த இடமெல்லாம் வெறுமையாக ஓடுகிறது. ஆபீஸ்காரர்களைக் கூப்பிட்டுப் புதிதாகப் பதிவு செய்தார்கள், அதைக் கேட்ட தலைவர் இவர்களை யாராவது மிரட்டினார்களா என்று கேட்டாராம். அடுத்த வாரம் ஒளிபரப்பு. சிரிப்பு இல்லையென்றால் தொடரும் இல்லை, ஜெயசீலனுக்கு வேலையும் இல்லை. சிரிப்பு பிறந்த ஊரில் ஏதாவது வழி கிடைக்குமா என்று தேடி வந்திருந்தார்.

பொன்னுத்துரை அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, அறிவிப்புப் பலகையைக் காட்டினார். ஜெயசீலன் அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"இங்கதான் இருக்கா, ஐயா?"

"ஓம். ஒரு நிமிஷம் பிசகாமல் வருது. புதன்கிழமை ஏழு முப்பதுக்குப் படத்தை இஞ்ச ஓட விடும். வழியில கழட்டி விட்ட பெட்டி, தன்ர வண்டி வந்தா தானே கொழுவிக்கொள்ளும். பிறகு நீர் கொண்டுபோகலாம்." காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா அதுக்கு முதல் நாங்கள் ஒராளைக் கேக்கவேணும்" என்றார்.

அன்று மாலை கிளப்பில் ஊர் கூடியது. மறைக்க என்ன இருக்கிறது, எல்லாருக்கும் ஆசை. வடக்கே பெர்லிஸில் இருந்து தெற்கே ஜோகூர் வரைக்கும் நம் சிரிப்பு கேட்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது. நாகப்பன் ஐந்தாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பவுனம்மாதான் எழுந்து நாகப்பன் பக்கம் திரும்பினாள். "நான் மனசுல உள்ளதச் சொல்லிடுறேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க. குளுவாங்ல எங்கக்கா இருக்கா, பாத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. டிவியில என் சிரிப்பு கேட்டா அவ எழுந்து நின்னுடுவா. எனக்கு அது வேணும். ஆனா நீங்க வேணாம்னா வேணாம். நாங்க உசிரோட இருக்கோம், இன்னொரு தடவ சிரிச்சுக்குவோம். அவ எங்க இனிமே சிரிக்கப் போறா?"

"ஒருத்தரும் உம்மை நெருக்கமாட்டினம், நாகப்பன்" என்றார் பொன்னுத்துரை. "நீர் சொல்லுறதுதான்."

நாகப்பன் ஜெயசீலனைப் பார்த்தார். "படம் ஓடுனா, அவ எதுக்குச் சிரிச்சான்னு எனக்குத் தெரிஞ்சிருமா தம்பி?"

"தெரியும்ணே. சிரிப்பு வர்ற எடத்துல திரையில என்ன இருக்கோ அதான்."

"அதுக்கப்புறம் இங்க வரமாட்டா."

ஜெயசீலன் ஆமாம் என்று தலையாட்டினார். பொய் சொல்லத் தெரியாத பையன் என்று அப்போதே எங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

செவ்வாய்க்கிழமை முழுவதும் நாகப்பன் கேபினில் இருந்தார். அன்று அவர் ஒரு சிக்னலைக்கூடத் தவறவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மனசு எங்கே இருந்தாலும் கை நெம்புகோலில் இருந்தது. ஆறு மணிக்கு இறங்கி ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு வந்தார்.

"ஓட்டச் சொல்லுங்க, ஐயா."

"யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"அவ சொல்ல வந்தத நான் கேக்கல. நாலஞ்சு மாசமா நானே பேசிக்கிட்டு இருக்கேன், அவ என் பேச்சுக்குச் சிரிக்கிற மாதிரி வச்சுக்கிட்டேன். அது அவ சிரிப்பு, ஐயா. அவ எதுக்குச் சிரிச்சாளோ அதோடயே போகட்டும். எனக்கு ஒரே ஒரு தடவ அது என்னான்னு பாக்கணும்."

புதன்கிழமை டெலிவிஷன் பெட்டியின் கதவைச் சாத்தி, அதன் முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டினோம். அறுபத்து மூன்று நாற்காலி போட்டோம், நாகப்பனுக்கு ஒன்று அதிகமாக. ஏழு முப்பதுக்கு ஜெயசீலன் இயந்திரத்தை ஓட விட்டார். ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடம் வந்தது, மாமா பெட்டியோடு வந்து நின்றார், ரெண்டே நாள் என்று விரலைக் காட்டினார், ஏழு முப்பத்திரண்டுக்கு முதல் சிரிப்பு வந்தது. அது நாற்காலிகளில் இருந்து கிளம்பி, எங்கள் தோளுக்கு மேலாக முன்னால் நகர்ந்து, துணிக்குப் பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கிக்குள் போய் முடிந்தது. இரண்டாவது சிரிப்பு பாதி வழியில் இருந்தே அங்கிருந்து கேட்டது. மூன்றாவது முழுக்க அங்கிருந்துதான் வந்தது. பவுனம்மா தன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே சமயத்தில் மூக்கை உறிஞ்சினார்கள்.

பதினேழாவதுக்கு நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். மாமா, இந்த வீட்டில் எனக்கு மரியாதையே இல்லை, இப்போதே போகிறேன் என்று பெட்டியைத் தூக்குகிறார், பெட்டி திறந்துகொண்டு உள்ளேயிருந்து வீட்டுக்காரர்களின் தட்டும் டம்ளரும் கொட்டுகின்றன. மண்டபம் சிரித்தது, அப்போதுதான் நினைவு வந்து நாங்களும் சேர்ந்து சிரித்தோம், அட, இதற்குத்தான் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தோம். நாகப்பன் மட்டும் சிரிக்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

படத்தின் ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், வீட்டுக்காரன் உட்கார்ந்திருந்தான். ஷிப்ட் வேலைக்குப் போய் வருகிற கணவன். இத்தனை ரகளை நடந்து முடிந்த பிறகு, அவன் தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து, ஏதோ திருடுகிறவன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த மனைவியின் தட்டில் வைத்தான். வைத்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல முகத்தைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான். தெய்வானை சிரித்தாள். மூக்கு வழியாகக் கிளம்பி, அடங்காமல், வாய் விட்டு.

நாகப்பன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அடுத்தது இருபத்திரண்டாவதில். எல்லாரும் மாமாவைப் பார்த்துச் சிரித்து முடித்தார்கள். ஓரத்தில் அந்தக் கணவன், மனைவி கோபமாக இருக்கிறாள் என்று தெரிந்து என்ன பேசுவதென்று தெரியாமல், ஏற்கெனவே மடித்து வைத்த துணிகளை எடுத்து உதறி மறுபடி மடிக்கிறான். தெய்வானை சிரித்தாள். இருபத்தேழாவதில் அவன் உட்கார்ந்தபடியே தூங்கி, விழித்து, யாரும் கேட்காத கேள்விக்கு ஆமாம் என்று தலையாட்டினான். அதற்கும் சிரித்தாள். அவள் ஒரு தடவைகூட மாமாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்கள் அறுபத்திரண்டு பேர் கண்ணும் மாமாவின் மேல் இருந்தபோது அவள் கண் அந்த ஓரத்திலேயே இருந்திருக்கிறது.

"அந்த ஆளுக்கு வசனமே இல்லீங்க" என்று ஜெயசீலன் என் காதோரம் கிசுகிசுத்தார். "நான் ஒன்னும் எழுதவே இல்ல. எடத்த நிரப்பணும்னு உட்கார வச்சோம். அவரா என்னமோ செஞ்சிருக்காரு, நானே இன்னைக்குத்தான் பாக்குறேன்."

முப்பத்து மூன்றாவது சிரிப்பு வந்து அடங்கியது. ஓரத்தில் கணவன் வேலைக்குப் புறப்பட்டான், வாசல் வரைக்கும் போய், திரும்பி வந்து, மனைவியிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு போனான். மழை இல்லை. தெய்வானை சிரிக்க ஆரம்பித்தாள், அந்தச் சிரிப்போடு கூடவே, சரியாக அதே விநாடியில், நாகப்பனும் சிரித்தார். உடம்பு குலுங்க, கண்ணில் நீர் கொட்ட, முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பு முன்னால் போய் ஒலிபெருக்கிக்குள் அவள் சிரிப்போடு கலந்ததை நாங்கள் காதால் கேட்டோம். அது அந்தச் சுருளில் பதிந்துவிட்டது; இன்றைக்கும் அதை எங்கேயாவது தேடி எடுத்து ஓட்டிப் பார்த்தால் முப்பத்து மூன்றாவது சிரிப்புக்குப் பிறகு இரண்டு பேர் குரல் இருக்கும், அவர்கள் ஒரே நாளில் சிரிக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

"நான்தான்யா அது!" என்று நாகப்பன் பொன்னுத்துரையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பெரிய மீனு, குடை, எல்லாம் நான்தான்! அதான் அவளால அன்னைக்குச் சொல்ல முடியல. என்னப் பத்தி என்கிட்டயே எப்பிடிச் சொல்லுவா?" மூச்சு வாங்கினார். "அவ லேட்டா சிரிக்கல, ஐயா."

பொன்னுத்துரையின் மடியில் கடிகாரம் இருந்தது, அதை அவர் பார்க்கவே இல்லை.

இன்னும் மூன்று சிரிப்பு அவளுக்கு மிச்சம் இருந்தது, மூன்றிலும் நாகப்பன் கூடவே சிரித்தார். நாற்பத்தொன்று முடிந்து, சுருளின் நுனி இயந்திரத்தில் படபடவென்று அடித்து நின்றபோது, மண்டபம் சாதாரண மண்டபமாக இருந்தது. அறுபத்து நான்கு நாற்காலியும் மர நாற்காலிகளாக இருந்தன. ஜெயசீலன் டப்பாவை மூடி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நாகப்பனிடம் வந்து நீட்டினார். நாகப்பன் டப்பாவைத் தொடவில்லை. பத்திரம் தம்பி என்று மட்டும் சொன்னார். பிறகு பக்கத்து நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பவுனம்மாவிடம் திரும்பி அக்கா பசிக்குது, மீன் இருக்கா என்று கேட்டார்.